மறை காத்தலும் மரபு காத்தலும்

குடும்ப வணிகத்திற்குப் பணம் மட்டுமன்று, நாவடக்கமும் முதலாகும். கொள்முதல் விலை, கடன்நிலை, அடுத்த முயற்சி ஆகியவற்றை அயலார் அறியாது காப்பது தலைமையின் திறமே. செயல் முடிவிலன்றி இடையில் வெளிப்படலாகாது என்று 'வினைத்திட்பம்' அதிகாரத்தில் வள்ளுவரும் அறிவுறுத்துவார்.

ஆயினும், அயலார்க்கு மறைக்க வேண்டியதை உரிமையுடையோர்க்கும் மறைப்பது தலைமை ஆகாது. ரிலையன்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதாது மறைந்தார். 2004 நவம்பரில் மைந்தர் இருவரின் பிணக்கு நாடறிந்த செய்தியாயிற்று. 2005 ஜூனில் அன்னை கோகிலாபென் இடைநின்று நிறுவனங்களைப் பிரித்தளித்தார். அதன் பின்னரும் எரிவாயு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2010 மே திங்களில்தான் தீர்ப்புப் பெற்றது. இல்லத்துள் பேசி முடித்திருக்க வேண்டியது மன்றேறியது.

நம் கடைவீதிகளிலும் தந்தையின் நினைவில் மட்டுமே வாழும் கணக்குகள் எத்தனை! கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு, யாருக்கு எப்பங்கு என்பவற்றை மூத்தோர் தம் காலத்திலேயே எழுதி வைத்து, மகனுக்கும் மகளுக்கும் காட்டிவிடல் வேண்டும். அறிந்த இளையோர் அதனை வெளியில் விளம்பாதிருத்தல் வேண்டும். நம்பி உரைக்கும் மூத்தோரும், உரைத்ததைக் காக்கும் இளையோரும் அமைந்த குடும்பத்தில் வணிகம் தலைமுறை கடந்தும் நிலைக்கும்.