அம்மாவின் முழங்கால் வலி

"நீங்கள்லாம் போயிட்டு வாங்கடா. எனக்கு முழங்கால் வலி, மூணு மணி நேரம் உட்கார முடியாது." போன மாசம் சினிமாவுக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னது. சரின்னு நாங்க நாலு பேர் மட்டும் போய்ட்டு வந்தோம். மறுவாரம் அறுபத்துமூவர். அதே அம்மா மயிலாப்பூர் மாட வீதியில் நாலு மணி நேரம் நின்னாங்க! வலி முழங்காலில் இல்லை, என் பர்ஸில் என்று அப்போதான் உறைத்தது.

அவங்க கணக்கும் தப்பில்லை. தமிழ்நாட்டில் மல்டிபிளக்ஸ் டிக்கெட்டுக்கு 2017-ல் அரசு வைத்த உச்சவரம்பு 150 ரூபாய். வரியெல்லாம் அதுக்கு மேல. நாலு பேருக்கு அவ்வளவுதானேன்னு கிளம்பினேன். ஆன்லைன் புக்கிங் கட்டணம், பார்க்கிங், இடைவேளையில் பாப்கார்ன்... மொத்தம் 1,900. பாப்கார்னுக்கு உச்சவரம்பு கிடையாது சாமி! வீட்டிலிருந்து முறுக்கு எடுத்துட்டுப் போகலாம்னா, வெளி உணவைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டுன்னு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. குடிதண்ணி மட்டும் இலவசமா தரணுமாம். அந்த மட்டும் சந்தோஷம்.

வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மளிகை, சீட்டு எல்லாம் போக மிச்சம் இருந்தா வெளியே போகலாம்ங்கிற பழக்கம்தான் தப்புன்னு நினைக்கிறேன். மிச்சம் எந்த மாசம் இருந்திருக்கு? கிரெடிட் கார்டைத் தேய்ச்சுட்டு, படம் பார்க்கும்போதே மனசுக்குள்ள கூட்டல் ஓடும். அந்தக் குற்ற உணர்ச்சியை வீட்டில் யாரோ ஒருத்தர் முழங்கால் வலியா வாங்கிக்கறாங்க. பெரும்பாலும் அம்மா, இல்லேன்னா மனைவி. நான் ஒரு தடவைகூட வாங்கினதில்லை, ஹிஹி.

அதனால இப்போ சம்பளம் வந்ததும் முதல் வேலையா 1,500 ரூபாய் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போயிடும். ஜி-பே காலத்தில் இதென்னன்னு பையன் சிரிக்கிறான். போனில் இருக்கிற பணம் எனக்கு மட்டும்தானே தெரியும்? அலமாரியில் இருந்தா அம்மாவுக்கும் தெரியும். அது ஏற்கெனவே செலவாகிப்போன பணம், யாரும் தியாகம் பண்ணி மிச்சம் பிடிக்க முடியாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு படம் தாங்கும். நடுவில் பெசன்ட் நகர் பீச், சுண்டல். டிசம்பர் சீசனில் சபாக்களில் மத்தியானக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். கேன்டீனுக்குத்தான் பட்ஜெட் போடணும்.

முதல் பாட்டிலை எங்கே செலவழிக்கிறதுன்னு அம்மாகிட்டயே கேட்டேன். காஞ்சிபுரம்னு சொல்வாங்கன்னு நினைச்சேன்.

"நீங்க பார்த்துட்டு வந்தீங்களே, அந்தப் படம் இன்னும் ஓடுதா?"