கொடி நாளுக்குக் காசு போட்டோம், சரி. அப்புறம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

டிசம்பர் 7 கொடி நாள் அன்று திண்ணனூர் நாட்டுப் பள்ளியில் உண்டியலோடு வகுப்புக்கு வருவேனே, நினைவிருக்கிறதா? காசு போட்டவர் சட்டையில் சின்னக் கொடி குத்திவிடுவேன். அப்படி மிளகு பொறுக்கிய காசைப் போட்ட ஒரு பையன், பிறகு பட்டாளத்தில் சேர்ந்தான். கண்ணிவெடியில் வலது காலை இழந்து ஊர் திரும்பினான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்போது ஒரு கார் வாங்கி, பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கையால் இயக்கும்படி மாற்றியிருக்கிறான். பதிவு செய்யப் போன இடத்தில் ராணுவ மருத்துவக் குழு கொடுத்த சான்றைப் புரட்டிவிட்டு, "இது போதாது, வேற சான்று கொண்டு வா" என்றார்களாம். "அதான் பென்ஷன் வருதே, வரிச்சலுகை வேறயா?" என்று ஒருவர் கேட்டாராம். 70 கொண்டை ஊசி வளைவு, மூன்று முறை இறங்கி ஏறினான்.

சலுகை என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. கால் உள்ளவன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவான். இவனுக்கு அந்த வண்டிதான் கால். காலுக்கு யாராவது வரி கேட்பார்களா?

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தித்தான் வருகிறது. 2019 திருத்தம் வரை மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த வண்டிக்கு 'இன்வேலிட் கேரியேஜ்' என்று பெயர். இப்போது 'மாற்றியமைத்த வாகனம்'. 2020 அக்டோபரில் பதிவுக்கான படிவம் 20-ஐத் திருத்தி, உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிக்க இடம் வைத்தார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். மாற்றியமைத்த வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் கட்டணம் இல்லை. அதைக் கேட்கவும் பதிவுச் சான்றுதான் ஆதாரம்.

என் கருத்து இதுதான். ஒரு அரசு மருத்துவக் குழு 'கால் இல்லை' என்று எழுதிக் கொடுத்தபின், இன்னொரு அரசு அலுவலகம் அதைச் சந்தேகிக்கக் கூடாது. போன கால் முளைக்கப் போவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரும் போக்குவரத்து அலுவலரும் செம்மேட்டுக்கு வந்து முகாம் போடட்டும். ஊனமுற்றவனை மலை இறக்குவதைவிட அது சுலபம்.

"முன்னாள் ராணுவத்தினருக்குத் தனிச் சலுகை கேட்டு எழுதட்டுமா?" என்று அவனிடம் கேட்டேன். "வேண்டாம் சார். மிளகு பறிக்கப் போய் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் போனது கால்தானே. எல்லாருக்கும் சேர்த்தே கேளுங்க" என்றான்.

பாடம் நடத்தியது நான். அன்று எனக்குப் பாடம் நடத்தியவன் அவன்.

உங்களில் சிலர் இன்று அரசு அலுவலகங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்படி ஒருவர் வந்து நின்றால், முதலில் நாற்காலியைப் போடுங்கள். காகிதத்தை அப்புறம் கேளுங்கள்.

நலமாக இருங்கள்.
உங்கள் பழைய வாத்தியார்