அஞ்சறைப் பெட்டியும் கீபோர்டும்



போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். அப்படியே என் சித்தி பெண் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். வயது 47. வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக் கொண்டு புத்தகங்கள் டைப் அடித்துக் கொடுக்கிறாள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பையனின் காலேஜ் ஃபீஸில் பாதி இந்தப் பணம்தான். நான் போனபோது வலது மணிக்கட்டில் தைலம் தடவி, துணி சுற்றிக் கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவர் 'போதும், விட்டுடு'ங்கறார் அக்கா. விட்டுட்டா அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் கையை நீட்டணுமே!"

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். விரல்கள் பறக்கின்றன, அதில் கோளாறு இல்லை. கோளாறு மவுஸில். அடிப்பது ஒரு பழைய செய்யுள் நூலுக்கு உரை. பாட்டு வந்தால் வரியை உள்ளே தள்ளி எழுத்தைச் சிறிதாக்க வேண்டும். உரை வந்தால் மறுபடி பழையபடி. ஒவ்வொரு தடவையும் வலது கை நம்பர் பட்டன்களைத் தாண்டி மவுஸுக்கு ஓடுகிறது, திரும்பி வருகிறது. ஒரே பக்கத்தில் பதினோரு தடவை எண்ணினேன்.

"இதுக்கெல்லாம் ஷார்ட்கட் வெச்சுக்கலாமே?" என்றேன். அவ்வளவுதான், கதை வெளியே வந்தது. வைத்திருக்கிறாள்! வைத்து மூன்று வாரம் கையும் சுகமாகத்தான் இருந்திருக்கிறது. 'பாட்டு' என்பதற்கு முதல் எழுத்து 'பி' ஆயிற்றே என்று கன்ட்ரோலும் பி-யும் சேர்ந்ததைப் பாட்டுக்குக் கொடுத்து விட்டாள். அது காலங்காலமாகப் பிரின்ட் எடுக்கும் கூட்டணி அல்லவா? பையன் காலேஜுக்கு ஒரு விண்ணப்பம் அடித்து, கன்ட்ரோல் பி அழுத்தியிருக்கிறான். பிரின்ட் வரவில்லை, விண்ணப்பம் செய்யுள் மாதிரி ஒடுங்கி நின்றிருக்கிறது. 'கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டே' என்று சண்டை போட்டு, அவனே 'ரீசெட்' பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி விட்டான். அம்மா வைத்திருந்த பதினைந்து ஷார்ட்கட்டும் போச்சு. மறுநாள் புத்தகம் கொடுக்க வேண்டிய கெடு. இரவெல்லாம் மவுஸோடு மல்லாடினாள். அன்று பிடித்த வலிதான்.

நம் அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நமக்குத் தோதாகக் கடுகையும் சீரகத்தையும் இடம் மாற்றிக் கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் எல்லோரும் எடுக்கும் உப்பு ஜாடியில் சர்க்கரையைக் கொட்டி வைக்கலாமோ? காப்பி, பேஸ்ட், சேவ், பிரின்ட் இதெல்லாம் வீட்டுக்கே பொதுவான உப்பு. இசட், எக்ஸ், சி, வி நாலும் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1983-ல் வந்த ஆப்பிள் லிசா கம்ப்யூட்டரிலேயே இப்படித்தான். இடது கையாலேயே முடித்து விடலாம். அதைப் போய்க் கலைப்பானேன்?

அவள் வைத்திருப்பது லிப்ரே ஆபீஸ் ரைட்டர். காசு கொடுக்க வேண்டாத சாஃப்ட்வேர். 'டூல்ஸ்' பட்டியலில் 'கஸ்டமைஸ்', அதற்குள் 'கீபோர்டு'. மேலே விசைகளின் பட்டியல், எதிரே அதன் தற்போதைய வேலை. எதிரே காலியாக இருக்கிற விசையாகப் பார்த்து எடுங்கள். வேலை எழுதியிருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் புதியது வந்து உட்கார்ந்து விடும். நாமே உண்டாக்கிய பத்தி அமைப்புகள் கீழே 'ஸ்டைல்ஸ்' என்ற பிரிவில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து 'அஸைன்' கொடுத்தால் (பழைய பதிப்புகளில் 'மாடிஃபை') முடிந்தது. 'ரைட்டர்' என்பதைக் குறித்துக் கொண்டால் மாற்றம் ரைட்டரோடு நிற்கும். கணக்குப் போடும் ஷீட்டைத் தொடாது.

இந்தத் தடவை பதினைந்தெல்லாம் வேண்டாம் என்று சொல்லி விட்டேன். பதினைந்தை யார் ஞாபகம் வைத்துக் கொள்வது? பாட்டு, உரை, அடிக்குறிப்பு, பாட்டு எண் என்று நாலே நாலு. முடித்ததும் அதே பெட்டியில் உள்ள 'சேவ்' பட்டனால் ஒரு கோப்பாக எடுத்து, பென் டிரைவில் போட்டு வைத்தோம். நாளைக்கு யார் ரீசெட் செய்தாலும், கம்ப்யூட்டரையே மாற்றினாலும், 'லோட்' கொடுத்தால் திரும்பி வந்து விடும். முதலிலேயே இதைச் செய்திருந்தால் அந்த ஒரு ராத்திரி மிஞ்சியிருக்கும்.

ஷார்ட்கட்டிலும் கையை வருத்திக் கொள்ள முடியும், தெரியுமோ? ஒரே கையில் சுண்டு விரலால் கன்ட்ரோலை அமுக்கி, கட்டை விரலை எட்டி நீட்டி அடிப்பவர்கள் உண்டு. பெரும்பாலான கீபோர்டில் கன்ட்ரோல் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு கையால் அதையும் மறு கையால் எழுத்தையும் அழுத்துங்கள். சேர்த்து அழுத்தவே முடியாதபடி கை வலிக்கிறவர்களுக்கு, விண்டோஸில் 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு வசதி உண்டு. ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் 'வேண்டுமா' என்று கேட்கும். சரி என்றால், கன்ட்ரோலைத் தட்டி விட்டு, விரலை எடுத்து, பிறகு எழுத்தைத் தட்டினால் போதும். ஒற்றை விரலிலேயே ஆகி விடும்.

பேச்சோடு பேச்சாக, "ராத்திரியில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போய் முழிப்பு வந்துடறது அக்கா" என்றாள். எனக்குத் திக்கென்றது. இதற்குத் தைலமும் ஷார்ட்கட்டும் மருந்து இல்லை. மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்பட்டால் இப்படி ஆகும். நாளாக விட்டால் விரல் பிடிமானமே குறையும். மறுநாள் கல்யாணச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ராத்திரி தூங்கும்போது கட்டிக் கொள்ள ஒரு பட்டை கொடுத்து, மவுஸைக் கொஞ்ச நாள் குறைத்துக் கொள்ளச் சொன்னார். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் போன் செய்தாள். வலி முழுசாகப் போகவில்லையாம். ஆனால் ராத்திரி தூங்குகிறாளாம். அடுத்த புத்தகத்துக்குப் பத்து நாள் கூடுதல் கெடு கேட்டு வாங்கியிருக்கிறாள். நாலு ஷார்ட்கட்டையும் காலண்டர் அட்டையில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியாயிற்று. அடியில் பையன் தன் கையாலேயே எழுதியிருக்கிறானாம், 'அம்மாவைக் கேட்காமல் ரீசெட் தொடாதே' என்று.