நள்ளிரவில் இறங்குபவர்கள்

சென்னை விமான நிலையத்துக்கு 2016 செப்டம்பரில் மெட்ரோ வந்தது பெரிய காரியம். நெரிசலில் சிக்காமல் சென்ட்ரல் வரை போய்விடலாம். ஆனால் இரவு 11 மணிவாக்கில் அது ஓய்ந்துவிடுகிறது. மறுபடி ஓடத் தொடங்குவது காலை 5 மணி சுமாருக்குத்தான். வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் பல இறங்குவதோ அந்த இடைவெளியில்.

விடியற்காலை 3 மணிக்கு வருகை வாசலில் நின்று பாருங்கள். நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய அட்டைப்பெட்டி, அதன்மேல் பட்டை எழுத்தில் பெயரும் ஊரும். பெட்டிக்காரர் பக்கத்திலேயே குந்தி விடியட்டும் என்று காத்திருப்பார். இல்லையென்றால் டாக்சிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார். இவர்களில் தென்மாவட்டக்காரர்கள் நிறைய. அவர்களுக்கான பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம், திரிசூலத்தில் மின்சார ரயில் உண்டு. நடுநிசிக்குப் பிறகு அதுவும் கைகொடுக்காது.

மெட்ரோவை இரவெல்லாம் ஓட்டச் சொல்லவில்லை. தண்டவாளப் பராமரிப்புக்கு அந்த நேரம் வேண்டும், அது நியாயம். மெட்ரோவைக் கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் நிறைவேறும்வரை இவர்களைக் காக்க வைப்பதுதான் நியாயமில்லை. வருகை வாசலிலிருந்தே, பெட்டி வைக்க இடமுள்ள மாநகரப் பேருந்துகள் அரை மணிக்கு ஒன்றாக விடியவிடிய ஓட வேண்டும். நேரமும் கட்டணமும் எழுதிய பலகை, சுங்கம் தாண்டி வெளியே வந்ததுமே கண்ணில் பட வேண்டும்.