வலிக்காதுடா கண்ணா!

“கொஞ்சங்கூட வலிக்காதுடா கண்ணா!” ஊசி போடும் அறையில் நாம் கூசாமல் சொல்லும் பொய். மறு நிமிஷமே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. அடுத்த தடவை வெள்ளைக் கோட்டைக் கண்டதுமே குழந்தை வீறிட்டால், குற்றம் ஊசியினுடையதா?

இப்படிப் பொய் சொல்லாமலிருக்கவும் படிப்பு வேண்டித்தான் இருக்கிறது. திருவண்ணாமலையில் 2013-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2019-ல் சேர்ந்தவர்கள் முதற்கொண்டு, அங்கே மட்டுமல்ல, நாடெங்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மருத்துவ நெறியும் நோயாளியிடம் பேசும் விதமும் பாடமாகிவிட்டன. எலும்பையும் நரம்பையும் படித்தால் மட்டும் போதாதாம்!

இந்தப் பாடத்துக்குக் குழந்தைகள் வார்டில்தான் கடினமான பரீட்சை. கையெழுத்துப் போடுவது பெற்றோர், வலி குழந்தைக்கு. மருத்துவ ஆராய்ச்சியில் சேர்ப்பதானால், 7 வயதுக் குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருஷத்து நெறிமுறை. சாதாரண ஊசிக்கு அந்த விதி இல்லைதான். ஆனாலும், “சுருக்கென்று வலிக்கும். பத்து எண்ணு, முடிந்துவிடும். எந்தக் கையில் போடட்டும்?” என்று கேட்கிற நர்ஸம்மாவிடம் குழந்தை தானே கையை நீட்டுகிறதே!

அந்தச் சமயம் பார்த்து, “அழுதாயோ, இன்னொரு ஊசி போடச் சொல்வேன்” என்று பக்கத்திலிருந்து மிரட்டுவது யார்? அம்மாதான்!