பட்டறையில் ஒரு கணினிப் பெட்டி

கேட்டும் கிரில்லும் செய்கிற, பண்ருட்டி பக்கத்துக் காடாம்புலியூர்ப் பட்டறைக்காரரால் கணினிப் பெட்டியும் செய்ய முடியும். கண்ணாடியும் வண்ண விளக்குமாகக் கடையில் விற்பதைவிட, தொழிற்சாலைக் களையுள்ள அந்த இரும்புப் பெட்டிதான் எனக்குப் பிடித்தது. அளவில் குழப்பமே இல்லை. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் கணக்குப்படி மதர்போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர், இன்றும் அதுதான். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு நெளிந்துவிடும். புள்ளி புள்ளியாக ஒட்டி, ஆறவிட்டு, பிறகு கிரைண்டர் பிடிக்க வேண்டும். இரும்புத்தூள் உள்ளே தங்கினால் போர்டு ஷார்ட் ஆகிவிடும்.

பெயிண்டில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகே நிறம் அடிக்க வேண்டும். எர்த் திருகும் இடத்தை மட்டும் வெறும் இரும்பாக விட வேண்டும். துருவைத் தடுக்கும் எப்பாக்சி பூச்சுகளில் சேரும் ஒரு மூலப்பொருள் முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கப்படுகிறது. முந்திரி உடைத்தே பிழைக்கும் பண்ருட்டி வட்டாரத்துக்கு இது பெருமைதானே! கடலூர் மாவட்ட ஐடிஐகளில் ஃபிட்டர், வெல்டர் மாணவர்களுக்கு இந்தப் பெட்டியையே பயிற்சி வேலையாகக் கொடுக்கலாம்.