கஜானாவில் கை வைத்தது யார்?

பூட்டிக் கிடக்கும் நகராட்சி மன்றங்களையும் நூலக அரங்குகளையும் திரைப்படச் சங்கங்களுக்கு இலவசமாகத் திறந்துவிடலாமே என்று யாராவது சொன்னால் போதும், திரைப்பட விநியோகத்தில் ஊறிய ஒருவர் கொதித்தெழுந்துவிடுகிறார். டிக்கெட் விற்றுப் பிழைக்கத் தெரியாதது சாகட்டும் என்கிறார். உலகப் படமெல்லாம் கைபேசியில் கிடைக்கும்போது புரொஜெக்டர் எதற்கு என்கிறார். ஐம்பது பேரின் பொழுதுபோக்குக்கு ஊர்ப்பணமா என்கிறார். கோபத்தில் குறையில்லை, கணக்குதான் உதைக்கிறது.

முதலில் ஊர்ப்பணத்துக்கே வருவோம். தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் தமிழக அரசு அறிவித்தது. உடனே கோடம்பாக்கத்துக்குத் தமிழ்ப்பற்று பொங்கியது. ‘ஜில்லுன்னு ஒரு காதல்’ ‘சில்லுன்னு ஒரு காதல்’ ஆனது. ஓர் எழுத்தை மாற்றியதற்கு வரி முழுதும் தள்ளுபடி! அந்த வரி பெரும்பாலும் உள்ளாட்சிகளுக்குப் போய்ச் சேரவேண்டிய பணம். அதாவது, இன்று எந்த நகராட்சியின் மன்றத்தைத் திறக்கக் கூடாது என்கிறாரோ, அதே நகராட்சியின் வருமானத்தில்தான் அவருடைய தொழில் பல ஆண்டுகள் சலுகை அனுபவித்தது. அப்போது சொந்தக் காலில் நிற்கும் வீரம் எங்கே போயிருந்தது? திரைப்படச் சங்கத்தை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. நாற்காலி போடுவதும், திரை கட்டுவதும், முடிந்ததும் கூடத்தைப் பெருக்குவதும் அவர்களேதான். பிழைக்கத் தெரியாதவர்கள் என்று இவர் ஏளனம் செய்வது இவர்களைத்தான்.

அடுத்தது அந்த ஐம்பது பேர். சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் 1947இல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியபோது அதுவும் சிறு கூட்டம்தான். எட்டு ஆண்டு கழித்து அதிலிருந்து ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது. பாதியில் பணம் தீர்ந்து நின்ற அந்தப் படத்தை முடிக்கக் கைகொடுத்ததும் மேற்கு வங்க அரசின் பணமே. கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் தோழர்களும் 1965இல் ‘சித்ரலேகா’ திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக உருவான கூட்டுறவு அமைப்பிலிருந்து 1972இல் வந்த ‘சுயம்வரம்’ சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. அங்கே சிற்றூர்களிலும் சங்கங்கள் முளைத்தன. அந்த மண்ணில் பார்வையாளர் தலைமுறை தலைமுறையாக உருவானார். 2024இன் தொடக்கத்தில் நம் படங்கள் வரிசையாகச் சுருண்டபோது, தமிழகத் திரையரங்குகளுக்குக் கூட்டம் கொண்டுவந்தது மலையாளப் படமான ‘மஞ்சும்மல் பாய்ஸ்’. மலையாளத்தில் மட்டும் எப்படி இப்படி எடுக்கிறார்கள் என்று அப்போது அங்கலாய்த்தவர்களில் விநியோகஸ்தர்களும் உண்டு. நல்ல படம் கேட்கிற பார்வையாளர் எப்படி உருவாகிறார் என்பதைச் சொன்னால் மட்டும் ஊர்ப்பணம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

கைபேசி வாதம் இன்னும் சொத்தை. ஓடிடி தளத்தில் உரிமக் காலம் முடிந்த படம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். இருக்கும் படமும் தேடத் தெரிந்தவருக்கே அகப்படும். பெயரே கேள்விப்படாத படத்தை ஒருவர் எப்படித் தேடுவார்? வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, ஜான் ஆபிரகாம் 1977இல் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ தேசிய விருது பெற்ற தமிழ்ப் படம். நம் விநியோகஸ்தரின் தொழில் அதற்குக் கதவடைத்தது. அதைப் பேசியும் காட்டியும் உயிரோடு வைத்திருந்தவை திரைப்படச் சங்கங்களும் சிறுபத்திரிகைகளும். அதே ஜான், ‘ஒடேசா’ இயக்கத்தின் வழியாக ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் நிதி திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். பார்வையாளரே தயாரிப்பாளர் ஆன அந்தக் கதையை எந்தச் செயலி நிகழ்த்திக் காட்டும்?

குறைகளே இல்லையா? உண்டு. படத்துக்கு முன் அரை மணி நேரம் உரையாற்றிக் கொல்லும் தலைவர்கள் பல சங்கங்களில் இருக்கிறார்கள். இளைஞர்களை உள்ளே விடாமல் பதவியைக் கட்டிக்கொண்டு அழும் மூத்தவர்களும் உண்டு. சென்சார் வெட்டாத படம் பார்க்கவே ஒரு காலத்தில் கூட்டம் சேர்ந்தது என்ற குத்தலும் பொய்யில்லை. ஆனால் இரண்டு நிமிடக் காட்சிக்காக வந்தவர் மிச்ச இரண்டு மணி நேரம் ஸ்வீடிஷ் இயக்குநர் பெர்க்மனின் படத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டியிருந்தது. அதில் சிலர் அடுத்த வாரம் பெர்க்மனுக்காகவே வந்தார்கள். வணிக சினிமா இரண்டு நிமிடக் குத்துப்பாட்டைக் காட்டி யாரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது?

சங்கங்கள் கேட்பது கோடிகளை அல்ல. ஞாயிறு மாலைகளில் ஒரு மன்றத்தின் சாவி, அன்றைய மின்சாரம், லாபமில்லாத திரையிடலுக்கு அனுமதி வாங்க நாலு அலுவலகம் ஏறி இறங்க வைக்காத ஓர் உத்தரவு. இதற்கு ஆகும் செலவை, தன் தொழில் அனுபவித்த வரிவிலக்கிலிருந்து அந்த விநியோகஸ்தரே கழித்துப் பார்க்கட்டும். மீதி எவ்வளவு என்று சொல்லும்வரை, கூடம் பெருக்குகிறவர்களுக்கு அவர் சிக்கனம் கற்றுத்தர வேண்டாம்.